குணத்துக்கு மார்க் போட முடியுமா? மருத்துவ மாணவர்களின் தொழில்நெறியை மதிப்பிடுவது பற்றி

எந்த மருத்துவக் கல்லூரி வார்டிலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழே முக்கால். எட்டரைக்கு யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார். பி.ஜி. மருத்துவர் ஒருவர் இறுதியாண்டு மாணவரைக் கூப்பிட்டு, "இந்த வரிசைக்கு மட்டும் பி.பி. பார்த்து எழுதிடுப்பா" என்கிறார். மொத்தம் பன்னிரண்டு படுக்கைகள். ரவுண்ட்ஸ் தொடங்கும்போது பன்னிரண்டு கேஸ் ஷீட்டிலும் எண்கள் இருக்கின்றன. 120/80, 130/80, 110/70, மறுபடியும் 120/80. ஏழாவது படுக்கைப் பாட்டியின் கேஸ் ஷீட்டைப் புரட்டும் உதவிப் பேராசிரியருக்கு ஏதோ இடறுகிறது. முந்தின நாள் இரவு 170/100 இருந்தவர் அவர்.

"பாட்டி, காலையில பிரஷர் பார்த்தாங்களா?"

"இல்லைங்க டாக்டரம்மா. கையில பட்டையே கட்டலை. ஒரு தம்பி வந்து பேரு கேட்டுச்சு, என்னமோ எழுதிக்கிட்டுப் போயிடுச்சு."

அந்தத் தம்பிக்கு பி.பி. பார்க்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேட்டால், பட்டையை எங்கே கட்டுவது, எந்த ஒலி கேட்கும்போது மேல் அளவு, எந்த ஒலி மறையும்போது கீழ் அளவு என்று தடங்கலே இல்லாமல் சொல்வார். செய்முறைத் தேர்வில் அழகாகச் செய்தும் காட்டுவார். அவருடைய மதிப்பெண் பட்டியலில் எந்த மூலையிலும் இந்தக் காலை பதிவாகாது. ஆனால் அந்த 120/80-ஐ நம்பி யாராவது பாட்டியின் மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அறிவும் இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. அதைத்தான் தொழில்நெறி என்கிறோம். அதை எப்படி அளப்பது என்பது உலகம் முழுக்க மருத்துவக் கல்வியில் இருப்பவர்களைப் பல பத்தாண்டுகளாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

தொழில்நெறி என்றால் என்ன?

நேர்மை, கருணை, பொறுப்பு என்று பெரிய சொற்களால் விளக்கலாம். மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழிகளில் எல்லாம் அந்தச் சொற்கள் வரும். ஆனால் "கருணை: பத்துக்கு ஏழு" என்று யாருக்கும் மார்க் போட முடியாது. அதனால் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். மாணவர்களின் தவறான நடத்தை பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் திரட்டி, அவை எந்தெந்த வகைகளில் அடங்குகின்றன என்று பார்த்து, 2017-ல் வெளியிட்டார்கள். நான்கு வகைகள் தேறின.

முதலாவது, ஈடுபாடு இல்லாமை: தாமதமாக வருவது, வராமலே இருப்பது, ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடுவது. இரண்டாவது நேர்மையின்மை. காப்பியடிப்பது, நண்பனுக்கு ப்ராக்ஸி கொடுப்பது, பார்க்காத பி.பி.யை எழுதுவது எல்லாம் இதில் சேரும். மூன்றாவது, மற்றவர்களிடம் பழகும் விதம். நோயாளியை "ஏய்" என்பதும், சிஸ்டரிடம் எரிந்து விழுவதும், லிஃப்டில் நின்று நோயாளியின் விஷயத்தைச் சத்தமாகப் பேசுவதும் இந்த ரகம். நான்காவது, தன்னைத் தானே பார்க்கத் தெரியாமை. தவறைச் சுட்டிக்காட்டினால் "நான் மட்டுமா செய்தேன்?" என்று கேட்பது, சொன்ன பிறகும் மாறாமலே இருப்பது.

இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், நான்குமே கண்ணால் பார்த்துக் குறிக்கக்கூடியவை. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. அவர் என்ன செய்தார் என்று எழுதினால் போதும்.

தேர்வு ஏன் இதைப் பிடிப்பதில்லை?

1990-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஒரு பிரமிடு வரைந்தார். அடித்தட்டில் 'தெரியும்'. அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்'. அதற்கும் மேல் 'செய்து காட்டுவேன்'. உச்சியில் 'செய்கிறேன்'. எழுத்துத் தேர்வு கீழே உள்ள இரண்டு தட்டுகளைத் தொடும். ஒவ்வொரு மேசையாகப் போய்ச் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வு மூன்றாவது தட்டு வரை போகும். உச்சித் தட்டு, அதாவது யாரும் பார்க்காதபோது, களைத்திருக்கும்போது, அவசரத்தில் இருக்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பது, தேர்வு அறைக்குள் வரவே வராது. தேர்வாளர் எதிரில் நிற்கும்போது எல்லா மாணவரும் "வணக்கம் அம்மா, நான் உங்களைப் பரிசோதிக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இதே விஷயத்துக்காகப் பல காலம் உழைத்த ரிச்சர்ட் கிரூஸ், சில்வியா கிரூஸ் தம்பதியும் இவோன் ஸ்டைனெர்ட்டும் 2016-ல் அந்தப் பிரமிடுக்கு மேல் இன்னொரு தட்டு வைக்கலாம் என்றார்கள். 'செய்கிறேன்' என்பதைத் தாண்டி, 'இருக்கிறேன்'. மருத்துவராகவே ஆகிவிடுவது. அழகான யோசனைதான். ஆனால் அந்தத் தட்டை எந்தப் படிவத்தை வைத்து அளப்பது? என் மட்டில், வேலையைத் தொடங்க வேண்டிய இடம் நான்காவது தட்டு.

பழைய கோப்புகளில் கிடைத்தது

மாணவப் பருவத்து நடத்தையை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, வயது ஏற ஏறச் சரியாகிவிடாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஆசிரியர்களிலும் பலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத் தரவோடு பதில் தேடியவர் மேக்சின் பாபடாகிஸ். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மாணவர் விவகாரங்களைக் கவனித்து வந்தவர். மருத்துவர்களுக்கு உரிமம் தரும் மருத்துவ வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான தம் கல்லூரியின் பழைய மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய கல்லூரிக் காலக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார். எந்த நடவடிக்கைக்கும் உள்ளாகாத பழைய மாணவர்களின் கோப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 2004-ல் வெளியான முடிவின்படி, நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் 38 சதவீதத்தினரின் கோப்புகளில் நடத்தை குறித்த கவலைக்குறிப்பு ஏற்கெனவே இருந்தது. மற்றவர்களில் அது 19 சதவீதம்.

அடுத்த ஆண்டு மூன்று கல்லூரிகளை எடுத்துக்கொண்டு ஆய்வை விரிவாக்கினார்கள். நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்கள், ஒப்பிடுவதற்கு 469 பேர். மாணவப் பருவத்தில் தொழில்நெறி தவறியதாகக் குறிப்பு இருந்தவர்கள் பின்னாளில் நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. எந்த வகைத் தவறு மிக வலுவாகத் தொடர்புபட்டது என்று பார்த்தால், கடுமையான பொறுப்பின்மை. அது எட்டு மடங்குக்கும் மேல். பொறுப்பின்மை என்றதும் பெரிய குற்றம் எதையோ நினைத்துவிட வேண்டாம். கிளினிக்குக்கு ஒழுங்காக வராமல் இருப்பது, நோயாளி சம்பந்தமாக ஏற்றுக்கொண்ட வேலையைத் தொடர்ந்து கவனிக்காமல் விடுவது, இப்படிப்பட்டவைதான். அதற்கு அடுத்தபடியாக நின்றது, தன்னைத் திருத்திக்கொள்ளும் திறன் மிகவும் குறைந்திருப்பது. முதல் இரண்டு ஆண்டுகளில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் நடத்தைக் குறிப்புகளின் பக்கத்தில் வைத்தால் அது சிறியது.

இந்த எண்களைக் கையில் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். முதல் ஆய்வில் வந்த 19 சதவீதத்தை மறுபடி பாருங்கள். எந்த நடவடிக்கைக்கும் உள்ளாகாமல் நல்லபடியாக மருத்துவம் பார்த்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைப் பற்றி மாணவப் பருவத்தில் குறிப்பு இருந்திருக்கிறது. ஒரு குறிப்பு விழுந்துவிட்டது என்பதற்காக யாருடைய எதிர்காலத்தையும் ஜோசியம் சொல்லக் கூடாது. மருத்துவர்கள் மீது வாரிய நடவடிக்கை என்பதே அரிதாக நடப்பது. அந்தக் குறிப்பு கெட்டிக்காரத்தனமாக ஆளை வடிகட்டும் சல்லடை ஆகாது. 'இவரிடம் இப்போதே உட்கார்ந்து பேசு' என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

தடுப்பூசிச் சான்றும் தொழில்நெறியும்

இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த கண்டுபிடிப்பு ரொம்பச் சின்ன விஷயம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டெர்ன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், பின்னாளில் வார்டில் நடத்தைச் சிக்கலில் மாட்டும் மாணவர்களை முன்கூட்டியே அடையாளம் காட்டும் அறிகுறி ஏதாவது உண்டா என்று தேடினார்கள். 2005-ல் வெளியான அவர்கள் ஆய்வில் தேறிய அறிகுறிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பாடத்தின் முடிவில் தர வேண்டிய கருத்துப் படிவத்தை நிரப்பாமல் விடுவது ஒன்று. தடுப்பூசி போட்டுக்கொண்ட விவரத்தைக் கேட்ட நேரத்தில் கொடுக்காமல் இருப்பது இன்னொன்று. இரண்டுக்குமே மார்க் கிடையாது. செய்யாவிட்டால் யாரும் உடனே கேட்கப்போவதும் இல்லை. மில்லரின் பிரமிடில் உச்சித் தட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லாக்லனும் குழுவினரும் இதையே முறைப்படுத்தினார்கள். 2009-ல் அவர்கள் வெளியிட்ட முறையில், வகுப்புக்கு வருவது, கேட்ட ஆவணத்தைக் காலத்தில் கொடுப்பது போன்ற சிறு கடமைகள் ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ஆண்டு முழுக்கச் சேர்ந்த புள்ளிகளையும், அந்த மாணவர்களின் தொழில்நெறி பற்றி ஆசிரியர்கள் தனியாகச் சொன்ன கருத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெருமளவு ஒத்துப்போயின.

அப்படியானால் வருகைப் பதிவேடே போதுமே என்று தோன்றலாம். நம் நாட்டு எம்.பி.பி.எஸ். விதிகளும் தேர்வு எழுத வகுப்புகளில் 75 சதவீதம், செய்முறையில் 80 சதவீதம் வருகை கேட்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. வராவிட்டால் தேர்வு எழுத முடியாது என்று பயமுறுத்தி வாங்கும் வருகை, உடம்பு வந்ததா என்பதை மட்டும் சொல்லும். சில இடங்களில் அதுவும் நண்பனின் குரலாக இருக்கும். தண்டனையைக் கட்டிவிட்ட நிமிடமே ஒரு செயல் குணத்தின் அடையாளமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. வார்டில் தனக்குக் கொடுத்த படுக்கையின் நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று யாரும் சொல்லாமல் மாலையில் வந்து பார்க்கிறாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வருகை. எனக்கு வேண்டியது அது.

யார் பார்ப்பது, எப்படி எழுதுவது

மெக்கில்லில் 2006-ல் வந்த பி-மெக்ஸ் என்ற படிவம் தொடங்குபவர்களுக்கு நல்ல மாதிரி. மாணவர் ஒரு நோயாளியோடு இருக்கும் சிறு நேரத்தை ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிப்பார். நோயாளி சொன்னதைக் கவனமாகக் கேட்டாரா, நோயாளியை ஒரு மனிதராக மதித்து அக்கறை காட்டினாரா, தன் தவறை ஒப்புக்கொண்டாரா, அந்தரங்கம் காத்தாரா, சொன்னதை ஏற்றுக்கொண்டாரா என்பது போன்ற வரிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கவனித்து முடித்த உடனே மாணவரிடம் பேச வேண்டும்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆசிரியர் பார்த்து நிரப்பினால் அது பயன்படாது. ஒரு நாள் தலைவலியோடு வந்தவரைக் கல்நெஞ்சர் என்று எழுதிவிடுவோம். பல நாள், பல இடம், பல கண்கள் வேண்டும். இந்தக் கண்களில் நாம் அதிகம் கேட்காமல் விடுவது ஸ்டாஃப் நர்ஸ்களை. எந்த மாணவர் இரவில் கூப்பிட்டால் எழுந்து வருவார், யார் ஊசியைப் போட்டுவிட்டு அப்படியே தட்டில் விட்டுப்போவார், யார் நோயாளியின் கூட இருப்பவரிடம் பொறுமையாகப் பேசுவார் என்பது சிஸ்டருக்குத் தெரிந்த அளவுக்குப் பேராசிரியருக்குத் தெரியாது. கூடப் படிக்கும் மாணவர்களுக்கும் நிறையத் தெரியும். ஆனால் மார்க்குக்காக அவர்களைக் கேட்டால் உண்மை வராது. நண்பனைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனம் வராது, அதில் தவறும் இல்லை. திருத்துவதற்காக மட்டும், பெயர் வெளியாகாமல் கேட்டால் ஓரளவு வரும்.

எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி. "பொறுப்பில்லாதவர், அலட்சியம் அதிகம்" என்று எழுதினால் அந்த மாணவர் என்ன செய்வார்? கோபப்படுவார், அல்லது உடைந்துபோவார். எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "12-ஆம் தேதி காலை ஏழாவது படுக்கை நோயாளிக்கு பி.பி. 120/80 என்று எழுதியிருந்தார். பட்டை கட்டவில்லை என்று நோயாளி சொன்னார். மறுபடி எடுத்தபோது 164/98. கேட்டபோது, பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்." இதில் ஒரு பெயரடை கூடக் கிடையாது. மாணவர் படித்தாலும் மறுக்க ஒன்றுமில்லை. முக்கியமாக, கடைசி வாக்கியம் அவருக்குச் சாதகமானது. கேட்டபோது பொய் சொல்லவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இப்படிப்பட்ட கவலைக்குறிப்புக்குத் தனிப் படிவமே வைத்தார்கள். எழுதும் ஆசிரியர் முதலில் மாணவரிடம் நேரில் பேச வேண்டும். மாணவருக்குத் தன் தரப்பைச் சொல்ல இடம் உண்டு. குறிப்புகள் தொடர்ந்து சேர்ந்தால் அது டீன் எழுதும் சான்றுக் கடிதம் வரை போகக்கூடும். முதுகுக்குப் பின்னால் எழுதும் பழக்கத்தை இது நிறுத்திவிடுகிறது.

இதெல்லாம் தெரிந்தும் ஆசிரியர்களான நாங்கள் எழுத மாட்டோம் என்கிறோம். கனடாவின் ஆட்டவாவில் நான்சி டுடெக்கும் சக ஆய்வாளர்களும் வார்டு ஆசிரியர்களை உட்கார வைத்துக் கேட்டபோது சொன்ன காரணங்கள் 2005-ல் வெளியாயின. கையில் எழுத்துப்பூர்வமான ஆதாரம் இல்லை, எதை எழுதுவது என்று தெரியவில்லை, மாணவர் மேல்முறையீடு செய்வார் என்ற பயம், ஃபெயில் போட்டாலும் அவரைத் திருத்த ஏற்பாடு எதுவும் இல்லை. படித்தபோது நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதியது போலவே இருந்தது. நம் பக்கம் இன்னொன்றும் சேரும்: "பாவம், கஷ்டப்பட்டு சீட் வாங்கின பையன், விடுங்க." அந்த இரக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த இரக்கம் பையனோடு நின்றுவிடுகிறது, ஏழாவது படுக்கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

நம் நாட்டில் 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. ஏட்காம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பகுதி அதில் வந்தது. மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு மூன்றும் சேர்ந்தது. நான்கு கட்டங்களில் 27 பகுதிகள். 'மருத்துவராக இருப்பது என்றால் என்ன' என்பது முதல் பகுதி. 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன' என்பது அடுத்தது. முதலாண்டிலேயே, அறுத்துப் படிக்கும் உடலை முதல் ஆசிரியராக மதிக்கச் சொல்லும் பகுதியும் உண்டு. இவை வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் மதிப்பீடு பெரும்பாலும் லாக் புக்கில் எழுதும் அனுபவக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அனுபவக் குறிப்பு எழுதச் சொன்னால் பிள்ளைகள் நெகிழ நெகிழ எழுதிவிடுவார்கள். ஒரே நெகிழ்ச்சி பத்து லாக் புக்கில் வரும். அதற்குப் பக்கத்திலேயே வார்டில் பார்த்து எழுதிய நான்கு வரியும் இருந்தால்தான் அது நிற்கும்.

தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி

ஒரு பயாப்ஸி முடிவு வந்திருக்கிறது. புற்றுநோய். சீஃப் இன்னும் நோயாளியிடம் சொல்லவில்லை. நோயாளி மாணவரைப் பிடித்து, "தம்பி, ரிசல்ட் வந்துடுச்சா?" என்கிறார். மாணவர் "தெரியலைங்க" என்கிறார். இது பொய்தானே? நேர்மைக்குக் குறைத்து எழுதலாமா? அவரிடம் கேட்டால், "சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை மேடம், அரைகுறையாகச் சொல்லி அவரைப் பயமுறுத்தவும் மனமில்லை" என்பார். டொரொன்டோவின் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஷிஃப்ரா கின்ஸ்பர்க் இது போன்ற இழுபறிகளைத்தான் விரிவாக ஆராய்ந்தார். தொழில்நெறிச் சிக்கல் என்பது பல நேரம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் வருவதில்லை, இரண்டு நல்லதுகளுக்கு நடுவில் வருகிறது. அதனால் செயலை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும். "வந்துடுச்சுங்க, சீஃப்தான் விளக்குவார், நான் அவரிடம் சொல்லி வரச் சொல்றேன்" என்று மூன்றாவது வழி இருப்பதை அந்தப் பேச்சில்தான் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. தொடர்ந்து தாமதமாக வரும் மாணவர் அலட்சியமானவராக இருக்க வேண்டியதில்லை. மனச்சோர்வில் இருக்கலாம், வீட்டில் ஏதோ நடந்திருக்கலாம். அப்புறம், கூச்சம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கும் பெண்ணை "பழகத் தெரியாதவர்" என்று எழுதிவிடுவது மிக எளிது. அதே பெண் ஓ.பி.யில் கிராமத்து அம்மாவோடு பேசுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தால், படிவத்தில் வேறு விதமாக எழுதுவோம்.

நாங்கள் ஆசிரியர்களும் இந்தக் கணக்கில் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஃப்ரெட் ஹாஃபர்டி 1994-லேயே மறைமுகப் பாடத்திட்டம் என்று ஒன்றைப் பற்றி எழுதினார். வகுப்பில் சொல்வது ஒன்று, நடைபாதையிலும் ஓ.பி.யிலும் மாணவர் பார்த்துக் கற்பது இன்னொன்று. காலையில் தகவல் தொடர்பு பற்றி வகுப்பு எடுத்துவிட்டு, பதினோரு மணிக்கு நோயாளியைப் பெயர் கேட்காமல் "அந்த லிவர் கேஸை உள்ளே அனுப்பு" என்று சொன்னால், மாணவர் எதைப் படிப்பார்?

பி.பி. எழுதிய தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். உதவிப் பேராசிரியர் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னிலையிலும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டையை வாங்கிப் பாட்டிக்கு மறுபடி எடுத்து, எண்ணைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு மாணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்பா?" என்று மட்டும் கேட்டார். நேரம் போதவில்லை, வார்டில் இரண்டு கருவிகளில் ஒன்றில் காற்று நிற்கவில்லை, இடம் காலியாக விட்டால் ரவுண்ட்ஸில் திட்டு விழும், அதனால்தான் என்றார். காரணங்கள் உண்மை. கருவியை அன்றே மாற்றச் சொல்லியாயிற்று. எண்ணைக் கற்பனையாக எழுதியதற்குக் குறிப்பும் எழுதியாயிற்று, அவர் அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டார். அடுத்த ஒரு வாரம் ஏழரைக்கே வந்து அதே பன்னிரண்டு படுக்கைக்கும் சிஸ்டரோடு சேர்ந்து பி.பி. எடுக்க வேண்டும், எடுக்க முடியாத இடத்தில் அப்படியே எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

நான்காம் நாள் ரவுண்ட்ஸில் மூன்றாவது படுக்கையின் கேஸ் ஷீட்டில் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரி இருந்தது: "7.50 - எடுக்கவில்லை. நோயாளி ஸ்கேனுக்குப் போயிருக்கிறார். வந்ததும் எடுக்க வேண்டும்." அதற்குக் கீழே வேறு மையில்: "9.20 - 138/84."